பவளக்கொடி காருக்குள்ள பேஞ்ச மழை

ஒரு ஊர்ல, மொட்டமாடிக் கதவு மாதிரி கூரையில ஒரு கண்ணாடிக் கதவு தெறக்குற வெள்ளைக் காரு இருந்துச்சாம். "ம்" கொட்டுடி அம்மு, கொட்டினாத்தான் வண்டி நகரும். ஆங், அப்படி!

அதை வாடகைக்கு ஓட்டுனவ பவளக்கொடி. சவாரி இல்லாத நேரத்துல ஸ்டாண்டுலயே உக்காந்து வயர் கூடை பின்னுவா. சும்மாவே இருக்காது அவ கை.

அப்போ ஆயுத பூஜை வந்துச்சு. எல்லாரும் வண்டிக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டாங்க. இவளுக்கு அது போதுமா? மேல் கதவைத் தெறந்து வெச்சு, பூவும் பொரியும் அள்ளி அள்ளித் தூவிட்டா. ம்?

அப்புறம் ஐப்பசி மழை. சோ...ன்னு வெளியில பேஞ்சுது. காருக்குள்ளயும் சொட்டு, சொட்டு, சொட்டு! சீட்டெல்லாம் ஊறிப்போச்சு.

அன்னைக்குன்னு பார்த்து சாயங்காலம் அவ அக்கா மகளுக்கு மாப்பிள்ளை அழைப்பு. "எங்க சித்தி கார்லதான் மாப்பிள்ளை வருவாரு"ன்னு அந்தப் பொண்ணு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கு. காரைப் பார்க்க வந்த மாப்பிள்ளையோட அத்தைக்காரி ஈர சீட்டைப் பார்த்துட்டா.

"இதுலயா? பட்டு வேட்டியோட குளிச்சுட்டுல்ல வந்து இறங்கணும்!"

பவளத்துக்கு அழுகையே வந்துடுச்சு. பாவம்டி.

மொதல்ல மேல் கதவோட ரப்பரைச் சுத்திப் பசை தடவினா. சொட்டு, சொட்டு. அப்புறம் மேல தார்ப்பாய் கட்டினா. காத்து படபடபடன்னு தூக்கிட்டுப் போயிடுச்சு. தூங்கிட்டியா? இனிமேதான் இருக்கு.

மழை கொஞ்சம் விட்டுச்சு. மேல் கதவைத் தெறந்து உத்துப் பார்த்தா, சுத்திலும் ஒரு சின்ன வாய்க்கா, மூலைக்கு மூலை ஒரு ஓட்டை. ஓஹோ, உள்ள வர்ற தண்ணி குழாய் வழியா வெளியில போறது இப்படித்தானா! செம்புத் தண்ணியை மெதுவா ஊத்தினா. ஒரு மூலையில குளுக் குளுக்னு தண்ணி இறங்கிடுச்சு. ரெண்டாவதுலயும் குளுக் குளுக். மூணாவதுலயும். நாலாவதுல? தண்ணி அப்படியே நிக்குது!

"அகப்பட்டியா!"ன்னா.

கம்பி விட்டா உள்ள குழாய் கிழிஞ்சுடும். அதனால கூடை வயரை நைசா விட்டு இழுத்தா. பிசுக்! ஊறின பொரி. மறுபடியும் விட்டா. பிசுக்! செவ்வந்தி இதழ். அவ தூவினதேதான்! மூணாவது வாட்டி விட்டா, குளுக், குளுக், சளசளசள! தண்ணி முழுக்க கதவோரமா வெளியில ஓடுச்சு.

"அடி சக்கை!"ன்னு குதிச்சா பவளம்.

சீட்டைத் துடைச்சு ஜமுக்காளம் விரிச்சா. சாயங்காலம் மேளம் டம் டம், மழை கொட்டோ கொட்டு. அத்தைக்காரி நம்பாம கார்லயே குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தா! மண்டபம் வரைக்கும் ஒரு சொட்டு விழணுமே? ம்ஹூம். வெக்கத்தோட குடையை மடக்கிட்டு இறங்கப் போனா.

பவளம் கதவைத் தெறந்துவிட்டுச் சொன்னா: "இப்போ விரிங்க சம்பந்தி. மழை வெளியிலதான் பேயுது."

மாப்பிள்ளையே விழுந்து விழுந்து சிரிச்சாரு!

தண்ணியும் வடிஞ்சுது, கதையும் வடிஞ்சுது. கண்ணை மூடுடி தங்கம்.