எலுமிச்சம்பழம் விழுந்த வழி

முன்னொரு காலத்திலே வேங்கூர் நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். முதலில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அப்புறம் விசாரிக்கிற ராஜா.

ஒருநாள் காற்று நன்றாக வீச, புதுப் பாய்மரப் படகில் ஆற்றிலே உல்லாசமாகப் போனான். திருஷ்டிக்காகப் பாய்மரத்தின் உச்சியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் அறுந்து, மரத்தடியில் நின்ற ராஜாவின் காலடியில் தொப்பென்று விழுந்தது.

கரையேறியதும், "நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது!" என்று அதிசயப்பட்டான்.

கரையில் நின்றிருந்த அமைச்சர் செங்கணி சொன்னாள்: "நேராகவா? வில்லாக வளைந்தல்லவா விழுந்தது, அரசே?"

அவள் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த தண்டநாயகர் காங்கேயர் துள்ளி எழுந்தார். "மகாராஜா கண்டதற்கு மாறாகப் பேசுவது ராஜத்துரோகம்! நாடு கடத்துங்கள்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

செங்கணி கைகூப்பினாள். "போகிறேன், அரசே. அதற்குமுன் தாங்கள் கரையில் நின்று ஒருமுறை பாருங்கள். தண்டநாயகர் படகில் போகட்டும்."

படகு விரைந்து வந்தது. உச்சியிலிருந்த மாலுமி பழத்தை விட்டான். அடேயப்பா! பழம் படகோடு கூடவே முன்னால் பாய்ந்து, வளைந்து இறங்கி, மரத்தடியிலேயே விழுந்தது. ராஜா வாய் பிளந்து நின்றான்.

படகிலிருந்து காங்கேயர் கத்தினார்: "நேராகத்தான் விழுந்தது, மகாராஜா!"

"வளைந்து விழுந்ததை நானே பார்த்தேன்! இப்போது யார் துரோகி?"

காங்கேயரின் முகம் வெளுத்தது.

"அவரை மன்னியுங்கள், அவர் கண்டதும் உண்மைதான்," என்றாள் செங்கணி. "உச்சியில் இருந்தபோதே பழம் படகின் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அறுந்ததும் அந்த வேகம் போய்விடுமா? அதோடு விழுகிற வேகமும் சேர்ந்தது. கரையிலிருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து வளைவாகத் தெரியும். படகிலிருப்பவர் அதோடு கூடவே போகிறார். அவருக்கு விழுவது மட்டுமே தெரியும்."

காங்கேயர் தலைகுனிந்து இறங்கினார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கணியிடம் நீட்டினான். சட்டென்று அவன் கை நின்றது.

"அமைச்சரே, இந்தப் பூமியே நம்மைச் சுமந்துகொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தால்?"

"போனாலும் நமக்குத் தெரியாது, அரசே. நாமும் அதோடு கூடவே போவோமே."

ராஜா மெல்ல மணலில் உட்கார்ந்தான். இரு கைகளையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டான்.