சர்வர் விழிக்கும்போது வரைபடம் ஏன் வெறுமையாக இருக்கிறது?

அந்தக் காலத்தில், சர்வர் என்னும் சேமிப்புக் கணினிகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, மேகம் தரையிலேயே படுத்துக் கிடக்கும் ஒரு மலையூரில் சர்வர் குடியிருந்த குளிரூட்டிய வீடு ஒன்று இருந்தது. ஊராரின் பாட்டுகள், படங்கள், பிள்ளைகளின் முதல் மழலை எல்லாம் அங்கேதான் இருந்தன. அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவள் பூங்காவனம்.

அங்கே சுழலி என்றொரு வட்டு. ஊரார் கொடுத்ததையெல்லாம் தன் மேனியில் எழுதிக் காப்பவள். தூங்கி எழுந்தாலும் மறக்கமாட்டாள். மின்னி என்ற நினைவகம் அதற்கு நேர்மாறு. விழித்திருக்கும்வரை கெட்டிக்காரி, கண்ணயர்ந்தால் எல்லாம் மறந்துபோகும். கூடவே, கண்காணிப்பு நிரலாக ஒரு காவல்காரன். எல்லோர் நாடியையும் ஓயாமல் பிடித்துப் பார்த்து, "சூடு இவ்வளவு, எழுது. மூச்சு இவ்வளவு, எழுது" என்று சுழலியிடம் சொல்வதுதான் அவன் வேலை. எறும்பு தும்மினால்கூட எழுதச் சொல்லுவான், அப்படியொரு கடமை வீரன்.

ஒருநாள் பூங்காவனம் ஒரு தாலாட்டைப் பாடச் சொன்னாள். சுழலியிடமிருந்து கரகரவென்று சத்தம்தான் வந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"எனக்கு உடம்பு எப்படி இருக்குன்னு எழுதி எழுதியே உடம்பு போச்சு அக்கா. இப்படியே போனா நின்னுடுவேன்."

சுழலி நின்றால் ஊரின் பாட்டெல்லாம் அவளோடு போய்விடும். கொஞ்சம் கண்ணை மூடிக்கொள் என்று பூங்காவனம் காவல்காரனிடம் சொன்னாள்.

"மூடிக்கிறேன். தீப்பிடிச்சா நீங்களே மோப்பம் பிடிச்சுக்குங்க" என்றான் அவன்.

அப்போது மின்னி மெல்லச் சொன்னாள். "எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க அக்கா. நான் மனசுல வச்சுக்கிறேன்."

காவல்காரன் சிரித்தான். "நீயா? தூங்கினா எல்லாம் போயிடுமே."

"போனா போகட்டும். போன வாரக் காய்ச்சலை யாரு கேக்கப்போறாங்க? இப்ப சுடுதான்னு தெரிஞ்சா போதாதா?"

அப்படியே ஆயிற்று. எண்கள் தூறலாக மின்னிக்குள் விழுந்தன. பழையவை நழுவ, புதியவை வந்து அமர்ந்தன. சுழலியின் கரகரப்பு அடங்கி, தாலாட்டு மறுபடி கேட்டது. ஜன்னல் வழியே மேகம் எட்டிப் பார்க்கும் நேரத்தில் மின்னி அன்றைய கதையெல்லாம் சொல்லுவாள். பூங்காவனம் சோற்றையும் மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு மின்னி மீது கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் குளிரூட்டி நின்றுபோனது.

"அக்கா, சூடு ஏறிக்கிட்டே போகுது" என்றாள் மின்னி. "விளக்கை அணைக்கிற மாதிரி எல்லாரையும் அணைச்சிடுங்க. இல்லேன்னா சுழலி வெந்துடுவா."

"உன்னையுமா? நீ பார்த்ததெல்லாம் போயிடுமே. சுழலிகிட்ட எழுதி வச்சிடட்டுமா?"

"அவ ஏற்கெனவே கொதிக்கிறா. இப்பப் போய் எழுதச் சொல்லாதீங்க."

பூங்காவனத்துக்குக் கை எழவில்லை. மின்னி இன்னொரு தரம் "அக்கா" என்றாள். அதன் பிறகுதான் அணைத்தாள். அணைத்துவிட்டு, இருட்டிய அந்த வீட்டில் உட்கார்ந்து அழுதாள்.

குளிர் திரும்பியதும் எல்லோரையும் எழுப்பினாள். சுழலி ஒரு பாட்டுக்கூடக் குறையாமல் எழுந்தாள். மின்னி கண் திறந்து சுற்றிலும் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"பூங்காவனம்" என்றாள் அவள். "அக்கான்னு கூப்பிடலாம்."

காவல்காரன் அன்றைய முதல் சூட்டை மெதுவாகச் சொன்னான். மின்னி அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்று முதல்தான், சர்வர் தூங்கி எழும்போதெல்லாம் அதன் நாடியைக் காட்டும் வரைபடம் வெறுமையிலிருந்து தொடங்குகிறது. பார்த்துக்கொள்கிறவர்களும் அதைக் குறைசொல்லாமல், முதல் புள்ளி விழும்வரை பக்கத்திலேயே காத்திருக்கிறார்கள்.