அத்திமரத்தடிக்குக் குடிவந்த கவுதாரி

ஒரு காட்டில் பிறந்து, இன்னொரு காட்டுக்குக் குடிபோன கவுதாரியின் கதை இது, குழந்தைகளே.

அதன் பெயர் மருதி. அது பிறந்து வளர்ந்தது பெரிய காட்டில். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கூட்டம்தான். குரங்குகள் கிளைக்குக் கிளை சண்டை போடும். மான்கள் மந்தை மந்தையாகப் போகும். மயில் அகவும், மரங்கொத்தி தட்டும். அந்த இரைச்சலுக்கு நடுவே மருதி தலையைக் குனிந்துகொண்டு நிம்மதியாகக் கறையான் பொறுக்கும். புலியோ பூனையோ வந்தால் யாராவது ஒருவர் கத்திவிடுவார்கள். உடனே மருதி புதருக்குள் ஓடிவிடும்.

ஆனால் அங்கே யானைகளும் இருந்தன. முதல் வருடம் மருதி இட்ட முட்டைகளை ஒரு யானை மிதித்துவிட்டது. இரண்டாம் வருடமும் அப்படியே ஆயிற்று. "தெரியாமல் மிதித்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே," என்று யானை உண்மையாகவே வருத்தப்பட்டது. வருத்தப்பட்டு என்ன பயன்? முட்டை திரும்பி வருமா?

"யானை இல்லாத சின்னக் காடாகப் பார்த்துப் போய்விடுகிறேன்," என்று மருதி முடிவு செய்தது. "ஆனால் சின்னக் காடாக இருந்தாலும் கலகலப்பான இடத்தில்தான் கூடு கட்டுவேன். பத்துப் பேர் கண்ணில் படும் இடத்தில்தான் என் முட்டைகளுக்குப் பாதுகாப்பு."

அது நினைத்ததில் தவறில்லை. கலகலப்பான இடம் எது என்று கண்டுபிடிக்கப் போனபோதுதான் குழப்பம் பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் நடந்து மருதி சின்னக் காட்டை அடைந்தது. காட்டு முகப்பில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. வாய் ஓயாத மைனா.

"கலகலப்பான இடமா? குளக்கரைக்குப் போ! அங்கே கால் வைக்க இடம் இருக்காது. இந்தக் காட்டிலேயே அதுதான் இடம்!" என்றது மைனா.

மருதி குளக்கரைக்கு ஓடியது. மைனா சொன்னது அத்தனையும் உண்மை. மான்கள், முயல்கள், கொக்குகள், காது கிழிந்த ஒரு காட்டுப்பன்றி, ஒரு தாய்ப்பன்றியின் பின்னால் ஏழு குட்டிகள் என்று கரை முழுவதும் நிறைந்திருந்தது. யாரோ யாரையோ தள்ளிவிட, யாரோ சிரித்தார்கள்.

'இதுதான் என் இடம்' என்று மருதியின் மனம் குளிர்ந்தது. கூடு கட்டப் புல் பொறுக்கப் போனது. அலகு நிறையப் புல்லோடு உச்சிவெயிலில் திரும்பி வந்தது.

கரையில் ஒற்றைக் காலில் நின்ற ஒரு கொக்கைத் தவிர யாரும் இல்லை.

புல்லைக் கீழே போட்டுவிட்டு மருதி கேட்டது: "கொக்கண்ணா, எல்லோரும் எங்கே?"

"எந்த எல்லோரும்?"

"காலையில் இங்கே இருந்தார்களே, அவர்கள்!"

"ஓ, அவர்களா?" என்றது கொக்கு. அதற்கு அப்போது ஒரு மீன் கண்ணில் பட்டுவிட்டதால் தலையைத் தண்ணீருக்குள் விட்டது.

மருதி விழித்தது. வேறு குளத்துக்கு வந்துவிட்டோமோ? குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. அதே குளம்தான். அப்போது இலுப்பைத் தோப்புப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. மருதி அங்கே ஓடியது. நிழலில் மான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. முயல்கள் கதை பேசிக்கொண்டிருந்தன. காது கிழிந்த பன்றி வேரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"பன்றியண்ணா, காலையில் நீங்கள் குளக்கரையில் இருந்தீர்கள் அல்லவா?"

"இருந்தேன்."

"இப்போது?"

"இப்போது இங்கே இருக்கிறேன். பார்த்தால் தெரியவில்லையா?"

"அப்படியானால் கலகலப்பான இடம் குளக்கரையா, இலுப்பைத் தோப்பா?"

பன்றி நேரே பேசும் பிராணி. முதுகைத் தேய்ப்பதை நிறுத்தி யோசித்தது. "தண்ணீர் குடிக்கக் குளம். வெயிலுக்குத் தோப்பு. இதில் கேட்க என்ன இருக்கிறது?" என்றது.

மாலையில் தோப்பும் காலியாகிவிட்டது. மருதி தேடித் தேடி மேட்டுப் புல்வெளிக்குப் போனால், அங்கே அதே மான்கள், அதே முயல்கள், அதே பன்றி.

"என்னை எதற்குச் சுற்றிச் சுற்றி வருகிறாய்?" என்று பன்றி உறுமியது.

மருதிக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய காட்டில் குளக்கரைக்கு ஒரு கூட்டம், தோப்புக்கு ஒரு கூட்டம், புல்வெளிக்கு ஒரு கூட்டம் இருந்தது. இங்கேயோ மொத்தக் காட்டுக்கும் ஒரே கூட்டம். அது போகும் இடமெல்லாம் கலகலப்பு, அது போன பின்பு வெறும் தரை. இதில் எந்தத் தரையில் கூடு கட்டுவது? வயிற்றில் முட்டை கனத்தது. இன்னும் நாலைந்து நாள்தான் தாங்கும்.

மறுநாளும் மருதி இப்படியே அலைந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு நரி எதிரே வந்தது. மருதி சிறகை விரித்துப் பறக்கப் பார்த்தது.

"பயப்படாதே, தங்கச்சி. நான் கிட்டே வரவில்லை," என்று நரி தூரத்திலேயே உட்கார்ந்துகொண்டது. "இரண்டு நாளாக நீ படும் பாட்டைப் பார்க்கிறேன். கூட்டம் கலையாத ஓர் இடம் வேண்டும் உனக்கு. அவ்வளவுதானே?"

"ஆமாம். ஆனால் நீ நரியாயிற்றே. நீ காட்டும் இடத்தை நான் எப்படி நம்புவது?"

"நம்பவே வேண்டாம். மேற்கே பாறை ஓரத்தில் அத்திமரம் ஒன்று இருக்கிறது. காலையில் போய்ப் பார், உச்சிவெயிலில் போய்ப் பார், மாலையில் போய்ப் பார். உன் கண்ணைத்தான் நம்பப் போகிறாய், என்னை இல்லை."

மருதி போய்ப் பார்த்தது. அடேயப்பா! கிளையெல்லாம் பறவைகள். கீழே மான், முயல், பன்றி, முள்ளம்பன்றி. மந்திகள் உலுக்க, பழுத்த அத்திப்பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. உச்சிவெயிலில் போய்ப் பார்த்தது, அதே கூட்டம். மாலையில் பார்த்தது, இன்னும் பெரிய கூட்டம். மறுநாளும் அப்படியே.

'இவ்வளவு நாள் இது என் கண்ணில் படவே இல்லையே' என்று மருதிக்கு ஒரு சின்னச் சந்தேகம் எழுந்தது. நரியிடமே கேட்டது.

"நீ இந்தப் பக்கம் வரவில்லையே," என்றது நரி. அதுவும் உண்மைதான்.

"ஆனால் நீயும் இங்கேதானே சுற்றுவாய்? என் முட்டைகளை..."

நரி சிரித்தது. "இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் என்னால் என்ன செய்துவிட முடியும், சொல்?"

அந்தப் பதில் மருதிக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. தான் நினைத்ததையே நரியும் சொல்கிறதே! அன்றைக்கே அத்திமரத்துக்குப் பக்கத்தில் ஒரு காரைப்புதரின் அடியில் மண்ணைப் பறித்துப் புல்லைப் பரப்பியது. அடுத்தடுத்த நாட்களில் ஐந்து முட்டைகள் இட்டது. அடைகாத்துக்கொண்டே கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. 'சரியான இடம்' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டது.

எட்டு நாள் இப்படிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் விடிந்தபோது ஏதோ ஒன்று சரியாக இல்லை. என்னவென்று மருதிக்குப் புரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது. மரத்தில் ஒரு குருவிகூட இல்லை. கீழே சருகு அசையும் சத்தம் மட்டும் கேட்டது.

'இன்னும் வரவில்லை போலிருக்கிறது' என்று காத்திருந்தது. வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. 'உச்சிக்கு வருவார்கள்' என்று காத்திருந்தது. உச்சிக்கு வந்தது காது கிழிந்த பன்றி மட்டும்தான். தரையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

"பன்றியண்ணா! எல்லோரும் எங்கே?"

"பழம் தீர்ந்துவிட்டதே. பார்க்கவில்லையா?"

"பழம் தீர்ந்தால் என்ன? வீட்டுக்கு வரமாட்டார்களா?"

"யார் வீட்டுக்கு?"

"அவரவர் வீட்டுக்குத்தான். எல்லோரும் இங்கேதானே குடியிருக்கிறீர்கள்?"

பன்றி மருதியை ஏற இறங்கப் பார்த்தது. "இங்கேயா? இந்தப் பாறை ஓரத்தில் யார் குடியிருப்பார்கள்? வருடத்துக்கு ஒரு முறை, பழம் பழுக்கும் இந்தச் சில நாள் மட்டும் தின்ன வருவோம். நீயும் அதற்குத்தான் வந்தாய் என்று நினைத்தேன்."

"நீங்கள் ஒருவராவது இதை எனக்குச் சொல்லவில்லையே!"

"நீ கேட்கவில்லையே," என்றது பன்றி. அது குத்தலாகச் சொல்லவில்லை. கேட்காத ஒன்றைச் சொல்லும் பழக்கம் அதற்குக் கிடையாது, அவ்வளவுதான். வாலை ஆட்டிக்கொண்டு தோப்பைப் பார்த்து நடந்தது.

மருதி கூட்டைப் பார்த்தது. ஐந்து முட்டைகள். அலகில் கவ்விப் போகவும் முடியாது, காலில் உருட்டிப் போகவும் முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்தது, உட்கார்ந்தது, மறுபடியும் எழுந்தது.

வெயில் சாயும்போது நரி வந்தது. இந்த முறை அது தூரத்தில் உட்காரவில்லை.

"வீடு எப்படி இருக்கிறது, தங்கச்சி?"

"நீ பொய் சொல்லிவிட்டாய்!" என்று மருதி கத்தியது. "கலகலப்பான இடம் என்றாயே!"

"போய்ப் பார் என்றுதான் சொன்னேன். நீயும் பார்த்தாய். எப்போதும் இப்படியே இருக்கும் என்று நான் சொன்னேனா?"

மருதி புதரிலிருந்து பாய்ந்து வெளியே வந்தது. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, அடிபட்டதுபோல் நொண்டி நொண்டி ஓடியது. தன்னைத் துரத்திக்கொண்டு நரி கூட்டைவிட்டுத் தூரமாக வந்துவிடும் என்பது அதன் எண்ணம். நரி நாலடி பின்னால் வந்தது. பிறகு நின்றது.

"நல்ல நொண்டல்தான். ஆனால் எனக்குச் சிறகு வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் புதருக்குள் தலையை நுழைத்தது.

மருதி கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. பாறை அதை எதிரொலித்தது. வேறு யாரும் குரல் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் மருதி எதுவும் தின்னவில்லை. குளக்கரைக்கும் போகவில்லை, தோப்புக்கும் போகவில்லை. அதன் மனதில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. மைனா சொன்னது உண்மை. பன்றி சொன்னதும் உண்மை. நரிகூட ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. தன் கண்ணால் பார்த்ததும் உண்மைதான். எல்லாம் உண்மையாக இருந்தும் ஐந்து முட்டைகள் எப்படிப் போயின?

யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம். கால் போன போக்கில் நடந்தது. மூன்றாம் நாள் நல்ல வெயிலில் சரளைக்கல் நிறைந்த ஒரு சரிவுக்கு வந்து சேர்ந்தது. பழமும் இல்லை, குளமும் இல்லை. அங்கங்கே கோரைப்புல் வளர்ந்திருந்தது. ஒரு கல் பக்கத்தில் ஆட்காட்டிக் குருவி ஒன்று நின்றுகொண்டிருந்தது. சந்தேகக் குணம் பிடித்த பறவை அது.

"நில்! யார் நீ? எதற்கு வந்தாய்? இங்கே ஒன்றும் கிடைக்காது, போ!" என்று கத்தியது ஆட்காட்டி. அந்தச் சத்தத்தில் ஒரு வளையிலிருந்து முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தது. புல்லுக்குள்ளிருந்து ஒரு முயல் காதை உயர்த்தியது. புற்றின் மேல் கீரி ஒன்று எழுந்து நின்றது.

"நான் ஒன்றும் எடுத்துப் போக வரவில்லை," என்றது மருதி. "ஒன்று கேட்கலாமா? நீங்கள் எல்லோரும் இங்கிருந்து எப்போது கிளம்புவீர்கள்?"

"எங்கே கிளம்புவது?"

"எங்கேயாவது. இங்கே தீர்ந்துபோனால்."

"தீர்ந்துபோக இங்கே என்ன இருக்கிறது?" என்றது ஆட்காட்டி. "மேயப் போவோம், தண்ணீருக்குப் போவோம். திரும்பி வருவோம். என் முட்டை இங்கே இருக்கிறது. முயலின் குட்டி அதோ இருக்கிறது. முள்ளம்பன்றி மூன்று மழைக்காலமாக அதே வளையில்தான் இருக்கிறது. கீரிகூட இங்கே இருப்பவர்களின் முட்டையைத் தொடாது, பாம்பைத்தான் தின்னும். நாங்கள் எதற்குக் கிளம்ப வேண்டும்?"

மருதி சுற்றும் முற்றும் பார்த்தது. கூட்டம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எண்ணினால் நாலு பேர். பெரிய காட்டில் ஒரு கிளையில் இருக்கும் குரங்குகள் அளவுகூட இல்லை. 'இதைப் போய்க் கலகலப்பான இடம் என்று யாராவது சொல்வார்களா?' அதன் குழப்பம் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

"நானும் இங்கே இருக்கலாமா?"

"இருந்தால் நீயும் காவல் பார்க்க வேண்டும்," என்றது ஆட்காட்டி. "என் முறை, உன் முறை என்றெல்லாம் இங்கே கிடையாது. யார் கண்ணில் படுகிறதோ அவர்கள் கத்த வேண்டும்."

பருவம் இன்னும் முடியவில்லை. மருதி கோரைப்புல்லுக்கு அடியில் மறுபடியும் கூடு கட்டி மூன்று முட்டைகள் இட்டது. புது இடத்தின் அமைதி அதற்குப் பழகவே இல்லை. அடைகாக்கும்போது அடிக்கடி தலையைத் தூக்கி, முள்ளம்பன்றி இருக்கிறதா, முயல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அவை இருந்தன.

ஒரு நாள் மாலை நரி அந்தச் சரிவின் பக்கம் வந்தது. கல்லுக்குப் பின்னால் பதுங்கி, பூனை நடை நடந்து வந்தது. அதை முதலில் பார்த்தது மருதிதான். பார்த்தவுடனே கத்தியது. அதற்கு மேல் ஆட்காட்டி கத்தியது. முயல் காலால் தரையை உதைத்தது. கீரி சீறிக்கொண்டு புற்றிலிருந்து இறங்கியது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கத்தைக் காட்டியபடி நரியை நோக்கி வந்தது.

ஒரு முள் மூக்கில் ஏறியது. நரி ஊளையிட்டுக்கொண்டு ஓடியது.

வழியில் மைனா கேட்டது: "என்ன நரியாரே, அந்தச் சரிவில் என்ன விசேஷம்?"

"அங்கே மனுஷன் போவானா?" என்று நரி மூக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னது. "தாங்க முடியாத கூட்டம்!"

நீதி: ஓரிடத்தில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்று பார்க்காதே, எத்தனை பேர் அங்கே குடியிருக்கிறார்கள் என்று கேள்.