அறிவுரை கூறப்பட்டது

செங்கமலம் கிராம சுகாதாரச் செவிலியர். வயது நாற்பத்தெட்டு. ஐந்து ஊர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சர்க்கரை நோய், சுரப்பிக் கோளாறுகள் பற்றிய பத்து நாள் பயிற்சிக்கு அவரை நகரத்துக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்திய ஜெனிட்டா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். செங்கமலம் அவரை மேடம் என்றார். ஜெனிட்டா அவரை அக்கா என்றார்.

முதல் நாள் ஒரு தேர்வு வைத்தார்கள். சர்க்கரை பற்றிய கேள்விகளில் செங்கமலம் ஒன்றையும் தவறவிடவில்லை. தைராய்டு பற்றிய கேள்விகளில் ஒன்றுகூடச் சரியில்லை.

"எங்க பக்கம் கழுத்து வீங்குன ஆளே கிடையாது மேடம். அதான்" என்றார்.

ஜெனிட்டா விடைத்தாளை மடித்து வைத்தார்.

நான்காம் நாள் அந்தப் பாடம் வந்தது. தைராய்டு சுரப்பது குறைந்தால் உடம்பு கனக்கும், முகம் உப்பும், தோல் வறண்டு போகும் என்றார் ஜெனிட்டா. குரல் கரகரக்கும். மற்றவர்களுக்கு வியர்க்கும்போது இவர்களுக்குக் குளிரும். பிள்ளை உண்டாவது தள்ளிப்போகலாம். எவ்வளவு தூங்கினாலும் களைப்பு தீராது. கழுத்து வீங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

செங்கமலம் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் அவர் எழவில்லை. ஜெனிட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னக்கா?"

"நீங்க சொன்னது பேச்சித்தாயை மேடம்."

பேச்சித்தாய் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஓடியாடி வேலை செய்தவள். மூன்றாம் வருடம் உடம்பு பெருத்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னாலேயே தூங்கிப்போனாள். பிள்ளை இல்லை. மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு எருமை என்று கூப்பிட்டாள்.

"அவ புருஷன் ஒரு நாள் என்கிட்ட கேட்டான். இவளுக்கு ஏதும் நோயா நர்சம்மான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நோயெல்லாம் இல்லப்பா, சோம்பல்தான்னு சொன்னேன்."

செங்கமலம் பேனாவை மூடி வைத்தார்.

"அடுத்த மாசம் கொண்டுபோய் அவ அண்ணன் வீட்டுல விட்டுட்டான். வேற கல்யாணமும் பண்ணிக்கிட்டான். பதினோரு வருஷம் ஆச்சு. அண்ணன் வீடும் என் அஞ்சு ஊருக்குள்ளதான். மாசா மாசம் பார்க்கிறேன் மேடம்."

"அப்ப எழுதுன நோட்டு இருக்கா?"

"இருக்கு. எல்லாம் பீரோவுல கிடக்கு."

"எடுத்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், திங்கட்கிழமை நோட்டுகளோடு வந்தார். ஜெனிட்டா கையில் வாங்கவில்லை.

"நீங்களே படிங்கக்கா."

செங்கமலம் பழைய நோட்டைப் பிரித்தார். "பேச்சித்தாய். வயது இருபத்து நான்கு. எடை கூடியுள்ளது. களைப்பு என்கிறார். மலச்சிக்கல். குரல் கம்மல். குளிர் தாங்கவில்லை என்கிறார்." நிறுத்தினார். பிறகு மெதுவாகப் படித்தார். "சுறுசுறுப்பாக இருக்குமாறு அறிவுரை கூறப்பட்டது."

அடுத்த நோட்டிலும் அதுவே இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

"எல்லாம் எழுதியிருக்கீங்களே" என்றார் ஜெனிட்டா.

"அவ சொன்னா, நான் எழுதுனேன். அவ்வளவுதான் மேடம்."

"உங்க ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ்?"

"நாலு மணிக்கு."

ஜெனிட்டா வகுப்பை முடித்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

பேச்சித்தாய் சித்திரை வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். செங்கமலத்தைக் கண்டதும் பதறி, கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"இப்பத்தான் உட்கார்ந்தேன் நர்சக்கா. காலையிலருந்து வேலையாத்தான் இருந்தேன்."

ஜெனிட்டா செங்கமலத்தைப் பார்த்தார். செங்கமலம் தரையைப் பார்த்தார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டர், இந்த அளவை வைத்துக்கொண்டு எப்படி நடமாடினாள் என்று கேட்டார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் வைத்தியம்.

ஐந்து மாதத்தில் பேச்சித்தாயின் முக வீக்கம் வடிந்தது. குரல் தெளிந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் நடுத்தெருவில் செங்கமலத்தின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் சோம்பேறித்தனத்தால வாழ்க்கையைக் கெடுத்துக்கிட்டவ நர்சக்கா. நீங்க கைவிடாம என்னைத் திருத்திட்டீங்க. எனக்கு நீங்கதான் தெய்வம்."

செங்கமலம் அன்றே பஸ் ஏறி ஜெனிட்டாவிடம் வந்தார்.

"கையை உருவிக்கிட்டு ஓடி வந்துட்டேன் மேடம். அவகிட்ட என்ன சொல்ல? இப்ப நல்லா இருக்கா. பழசைச் சொல்லி என்ன ஆகப் போகுது? மனசுதான் நோகும்."

"யார் மனசு?"

செங்கமலம் தன் கைகளைப் பார்த்தார்.

"அவங்க வாழ்க்கை யாரால போச்சுன்னு நினைச்சிட்டிருக்காங்க?"

"தன்னாலதான்னு."

ஜெனிட்டா அலமாரியைத் திறந்து, பயிற்சியின்போது அவர் தன்னிடம் விட்டுப்போன நோட்டுகளை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

ஒரு வாரம் அந்த நோட்டுகள் செங்கமலத்தின் வீட்டில் கிடந்தன. எட்டாம் நாள் எடுத்துக்கொண்டு போனார். பேச்சித்தாயின் எதிரில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டினார். புருஷன் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை.

பேச்சித்தாய் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையாக்கா?"

"இல்லைம்மா. நீ நோயாளி. எனக்குத்தான் தெரியலை."

"அவர் உங்களைக் கேட்டாரா?"

"கேட்டான்."

"எனக்கு நோயான்னு கேட்டாரா?"

"ஆமாம்மா."

பேச்சித்தாய் அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "இனி எங்க வீட்டுக்கு வராதீங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்துச் செங்கமலம் மறுபடி ஜெனிட்டாவைப் பார்க்க வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டார் ஜெனிட்டா.

"சாப்பிடறா. ரத்தப் பரிசோதனைக்குத் தானே பஸ் ஏறிப் போயிட்டு வர்றா. முந்தாநாள் அவ மதினி வாய்தவறிச் சோம்பேறின்னு சொல்லிட்டா. அந்த வார்த்தையை இனி என்கிட்ட பேசாதீங்கன்னு இவ கத்துன கத்து தெரு முனைவரைக்கும் கேட்டுச்சு."

"உங்ககிட்ட பேசறாங்களா?"

"என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிறா. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல என்னை வராதேன்னு சொன்ன வீடு கிடையாது." செங்கமலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லாமலே இருந்திருந்தா, அவளுக்கு நான் கடைசிவரைக்கும் தெய்வமாவே இருந்திருப்பேன் மேடம்."

"ஆமாக்கா" என்றார் ஜெனிட்டா. "அவங்களும் கடைசிவரைக்கும் சோம்பேறியாவே இருந்திருப்பாங்க."