ரயில்வே கேட்டில் விழுந்த கியர்

உமையாள் அம்மாவின் குடிலில் கேள்வி கேட்க இடம் கிடையாது. களை எடுக்கலாம், பாத்திரம் கழுவலாம், சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஞானம் வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால், "கார்ல பேசிக்கலாம்" என்பார்.

காரிலும் எல்லோரும் பேசிவிட முடியாது. ஓட்டுபவர் மட்டும் கேட்கலாம். ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி. பின்சீட்டில் இருப்பவர்கள் காதோடு வந்தால் போதும்.

இந்த வழக்கத்துக்குச் சீடர்களிடையே பல விளக்கங்கள் உலவின. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருப்பவரால் குறிப்பெடுக்க முடியாது என்றார்கள் சிலர். கண் சாலையில் இருப்பதால் குருவின் முகத்தைப் பார்த்துப் புல்லரிக்க முடியாது என்றார்கள் சிலர். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால் ஓட்ட யாராவது வேண்டும் என்ற விளக்கத்தை யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

ஓட்டுபவர் சிற்றம்பலம். தாசில்தாராக ஓய்வு பெற்றவர். அம்மாவைவிடப் பதினேழு வயது மூத்தவர். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த அம்மா அதை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் குடில் போட்ட காலத்திலிருந்து கார்ச்சாவி அவரிடம்தான். வெளியே போகும் நாளுக்கு முன்தினமே கேள்வியைத் தயார் செய்துகொள்வார்.

"அறிபவனும் அறியப்படுவதும் ஒன்றாகிவிட்டால், அதற்குச் சாட்சி யார்?" என்று ஒருமுறை கேட்டார்.

"அந்த லாரியை முந்தாதீங்க" என்றார் அம்மா.

சிற்றம்பலம் அதை ஒரு வாரம் சிந்தித்தார். அது லாரியைப் பற்றியது.

அந்தக் குடிலுக்குத்தான் வசுமதி வந்து சேர்ந்தாள். ராசிபுரத்தில் நர்ஸ் வேலை பார்த்தவள். சாத்திரம் எதுவும் படித்ததில்லை. வந்து சில மாதம் ஆன பிறகு, ஒருநாள் சமையலறையில் அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, எனக்கு லைசென்ஸ் வந்துருச்சுங்க."

"நல்லது. நாளைக்கு ராசிபுரத்துல கிரகப்பிரவேசம் இருக்குல்ல? போகும்போது அவர் ஓட்டட்டும். வரும்போது நீ ஓட்டு."

புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த சிற்றம்பலத்தின் கத்தி நின்றது.

"வளைவு ஜாஸ்திங்கம்மா அந்த ரோட்ல."

"ஆமா."

"வண்டி வேற புதுசு."

"உங்களுக்கும் புதுசுதானே?"

அவர் மறுபடி நறுக்கத் தொடங்கினார். துண்டுகள் ஒன்றுபோல் விழவில்லை.

அவள் ஓட்டுவது அவருக்குப் பெரிதில்லை. என்ன கேட்பாள் என்பதுதான் உறுத்தியது. ஒன்றும் படிக்காதவள். சின்னதாக எதையாவது கேட்டுவைப்பாள். அம்மா அதற்கு, அவருக்குச் சொல்லாததையெல்லாம், குடில் வந்து சேரும்வரை விரிவாகச் சொல்லிக்கொண்டு வருவார். அவர் பின்சீட்டில் காதோடு உட்கார்ந்திருப்பார்.

வண்டி புதுசு என்று சொன்னதும் உண்மைதான். அன்பர் ஒருவர் அந்த வாரம்தான் கொடுத்தது. கொண்டுவந்து விட்ட இளைஞன் விளக்கியிருந்தான்.

"பழைய வண்டியில முதல் கியர் இருந்த இடத்துல இதுல ரிவர்ஸ் இருக்குங்க. இடது ஓரம் தள்ளி மேல போட்டீங்கன்னா பின்னால போயிரும்."

"தம்பி, நீ பிறக்கறதுக்கு முன்னாலேர்ந்து ஓட்டறேன்" என்றார் சிற்றம்பலம்.

வசுமதி மட்டும், "எனக்கு இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்டு, தானே போட்டும் பார்த்தாள். பணிவாம். அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைச் சிற்றம்பலம் கவனித்தார்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். சிற்றம்பலம் ஓட்டினார். அம்மாவும் வசுமதியும் பின்னால் உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் கிரகப்பிரவேச வீட்டுக்கான வாழைத்தார் இருந்தது. கியர் ஒவ்வொன்றையும் கவனமாகப் போட்டார். கேள்வியை இன்னும் கேட்கவில்லை. ராசிபுரத்துக்கு முன்னால் ரயில்வே கேட். அதைத் தாண்டினால் நேர்சாலை. அங்கே கேட்பதாக வைத்திருந்தார். இது கடைசிக் கேள்வியாகக்கூட இருக்கலாம் என்பதால் இரவெல்லாம் இழைத்திருந்தார்.

கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்தார். பின்னால் வண்டிகள் வந்து நின்றன.

காத்திருக்கும்போது கண்ணாடியில் பார்த்தார். அம்மா வசுமதியின் காதோரம் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தார்.

இத்தனை ஆண்டுகளில் அவர் ஓட்டும்போது அம்மா சிரித்ததே இல்லை. அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே சிற்றம்பலத்துக்குச் செய்தி.

ரயில் போனது. கேட் உயர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் வண்டியைக் கிளப்பினார். கண் கண்ணாடியிலேயே இருந்தது. கை தன் பழக்கப்படி இடது ஓரம் தள்ளி மேலே போட்டது.

கார் பின்னால் பாய்ந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஆயிரம் அப்பளம் ஒன்றாக நொறுங்கியது போல இருந்தது.

பின்னால் நின்றது ஒரு மொபெட். கேரியரில் முட்டைத் தட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஓட்டிவந்தவர் நல்லவேளையாகக் குதித்துவிட்டார். மஞ்சள் கரு புதுக்காரின் பின்பக்கம் முழுவதும் வழிந்தது.

"ஏனுங்க சாமி! கேட்டு முன்னால தொறந்தா நீங்க பின்னால வர்றீங்க? ரயிலைத் தொரத்தறதுன்னாலும் அது அந்தப் பக்கமால்ல போச்சு!"

வசுமதிதான் முதலில் இறங்கி ஓடினாள்.

"எங்காவது அடி பட்டுச்சாங்கண்ணா?"

"எனக்கில்லீங்கம்மா. முட்டைக்குத்தான்."

"ஐயா மேல தப்பில்லைங்க. நான்தான் பேச்சுக் கொடுத்துட்டேன்."

சிற்றம்பலம் இறங்கி வந்துகொண்டிருந்தார். அது காதில் விழுந்தது. அவருடைய சீட்டைத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருந்தார். இப்போது அவருடைய தப்பையும் அல்லவா எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள்? அதையும் அம்மா கேட்கும்படி!

"இந்தப் பொண்ணு பேசவே இல்லை! தப்பு என்னுது. முழுக்க என்னுது!" என்று கத்தினார், பாகப்பிரிவினையில் பங்கு கேட்பவர் மாதிரி.

பொறாமையால் பொய் சொன்னவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பொறாமையால் உண்மை சொன்னவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"தப்பு யாருதா இருந்தா என்னங்க? முட்டை என்னுது" என்றார் முட்டைக்காரர்.

அம்மா இறங்கிவந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டு, நஷ்டத்தையும் தீர்த்து வைத்தார். முட்டைக்காரர் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு பண்ணைக்கே போனார். அதற்குள் அடுத்த ரயிலுக்காகக் கேட் மறுபடி இறங்கிவிட்டது. வசுமதி எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீர் வாங்கிவந்து காரின் பின்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

காருக்குள் சிற்றம்பலமும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள்.

"அம்மா, இப்பக் கேட்கலாமுங்களா?"

"கேளுங்க."

இழைத்து வைத்திருந்த கேள்வியில் ஒரு சொல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"இத்தனை வருஷமா ஓட்டறேன். இன்னைக்கு ஏன் கியர் தப்பா விழுந்துச்சு?"

"கேட் தொறந்தப்ப எங்க பார்த்துட்டிருந்தீங்க?"

"கண்ணாடியில."

"முட்டைக்காரர் தெரிஞ்சாரா?"

"இல்லீங்கம்மா."

"ஆள் உசரத்துக்கு அடுக்கியிருந்தாரே?"

"தெரியலீங்கம்மா."

"அப்ப என்னதான் தெரிஞ்சுது?"

சிற்றம்பலம் ஸ்டீயரிங்கைத் துண்டால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சது."

"அப்ப கியர் சரியாத்தான் விழுந்திருக்கு" என்றார் அம்மா. "நீங்க பார்த்த பக்கம்தானே வண்டி வந்துச்சு?"

சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டிவரை சிற்றம்பலம் பார்த்தார். பிறகு சாவியை உருவி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். உலகத்தையே துறப்பவர்கள்கூட இவ்வளவு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு துறந்திருக்க மாட்டார்கள்.

"வரும்போது எதுக்குங்கம்மா? இப்பவே அவ ஓட்டட்டும். எப்பவும் அவளே ஓட்டட்டும். நான் பின்னால உட்கார்ந்துக்கறேன்."

அம்மா சாவியை வாங்கவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தாராளமா கொடுங்க" என்றார். "ஆனா இந்த முகத்தோட நீங்க பின்னால உட்கார்ந்தா, அவளுக்கும் ரிவர்ஸ்தான் விழும்."