பெரிய குளத்துச் சாவி

எமரென்சியா டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. அவரிடம் தொழில் படித்த சுயம்புலிங்கத்துக்கு நாற்பத்தெட்டு. அவர் அவனை அண்ணாச்சி என்பார். அவன் அவரை டீச்சர் என்பான். வயதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

தூத்துக்குடியில் நீச்சல் குளங்களின் வடிகட்டிகளைச் சுத்தம் செய்து பராமரிப்பது டீச்சரின் தொழில். முன்பு ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தவர். பாடம் எதுவும் நடத்தியதில்லை. ஆனாலும் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் பொறுப்பில் பதினொரு குளங்கள் இருந்தன. அவற்றில் பெரியது கடற்கரைச் சாலையில் இருந்த நீச்சல் கிளப்பின் குளம். மாவட்டப் போட்டிகள் அங்கேதான் நடக்கும். வேலையாட்கள் அதைப் பெரிய குளம் என்பார்கள். டீச்சரே அதை நேரில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுயம்பு உப்பளத்தில் பம்பு ஃபிட்டராக இருந்துவிட்டு வந்தவன். டீச்சரிடம் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான். பெரிய குளத்து மோட்டார் அறையின் சாவி ஒருநாள் தன் கைக்கு வரும் என்று யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தான்.

சாவி ஜெபக்கனியின் கைக்குப் போயிற்று.

அவள் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். சேர்ந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை டீச்சர் வேனிலிருந்து இறங்கி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளையில இருந்து பெரிய குளம் நீ பாரு."

"சரி டீச்சர்."

அவ்வளவுதான். சுயம்பு பக்கத்தில்தான் நின்றான். கையில் இருந்த டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றான்.

அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு வேலை. ஒன்று, தன்னிடம் இருந்த ஓட்டல் குளத்தைப் பார்ப்பது. இன்னொன்று, ஜெபக்கனியைப் பார்ப்பது.

ஓட்டலுக்குப் போகக் கடற்கரைச் சாலையைச் சுற்ற வேண்டியதில்லை. இருந்தும் அவன் பைக் அந்த வழியாகத்தான் போகும். கம்பி வேலி ஓரம் நிறுத்தி, பெரிய குளத்தில் ஏதாவது குறை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். தண்ணீரில் நாலு வேப்பிலை மிதந்தால் அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கும். தண்ணீர் பளிச்சென்று கிடந்தால் மத்தியானச் சோறு இறங்காது.

டீச்சர் ஒரு நாளில் அவள் பெயரை எத்தனை தடவை சொல்கிறார் என்று எண்ணத் தொடங்கினான். தன் பெயர் அதில் பாதிகூட வரவில்லை.

ஒருநாள் ஜெபக்கனி மோட்டாரின் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை நிறுத்தி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அது அவனுடைய வித்தை. அவன் செய்வதைப் பார்த்து அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் புகுந்து பீரோவைத் திறந்துவிட்டது போல அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வடிகட்டி என்பது ஆள் உயரத் தொட்டி. உள்ளே மணல். குளத்துத் தண்ணீர் மேலிருந்து மணல் வழியாக இறங்கும்போது அழுக்கு மணலில் தங்கிவிடும். மணல் அடைத்துக்கொண்டால், தொட்டித் தலையில் இருக்கும் வால்வுக் கைப்பிடியைத் திருப்பித் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஓடவிட்டு, அழுக்கைக் கழிவுக் குழாயில் தள்ள வேண்டும். அதற்கு பேக்வாஷ் என்று பெயர்.

சுயம்பு தினமும் பேக்வாஷ் செய்தான். ஜெபக்கனியோ பத்து நாளைக்கு ஒரு தடவைதான் செய்தாள். இது தெரிந்ததும் அவனுக்குக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டது போல் இருந்தது. நேரே டீச்சரிடம் போனான்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பெரிய குளத்து மணலைக் கழுவி எட்டு நாள் ஆச்சு. பேர் கெட்டா உங்களுக்குத்தான் கெடும்."

டீச்சர் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டினார். ஒன்றில் சுயம்புவின் வடிகட்டியிலிருந்து எடுத்த மணல். இன்னொன்றில் ஜெபக்கனியினுடையது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி தேரிச் செம்மண்ணைக் கரைத்து, இரண்டிலும் ஊற்றினார்.

ஜெபக்கனியும் வந்து நின்று பார்த்தாள்.

சுயம்புவின் மணலிலிருந்து சொட்டிய தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. ஜெபக்கனியின் மணலிலிருந்து குடிக்கலாம் போல் இறங்கியது.

"அவ மணல் அழுக்கால்லா இருக்கு," என்றான் சுயம்பு.

"அந்த அழுக்குதான் பொடித் தூசியைப் பிடிக்குது. தினம் கழுவினா மணலுக்கு நடுவுல சந்து விட்டுப்போகும். தூசி நேரா இறங்கிரும்."

"அப்போ எப்பக் கழுவ?"

"தொட்டித் தலையில அழுத்தம் காட்டுற முள்ளு இருக்கு. அது சொல்லும்."

டீச்சர் சொன்னது மணலைப் பற்றி. அவன் காதில் விழுந்தது, ஜெபக்கனி முன்னால் தனக்கு மூக்கறுபட்டது மட்டும். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும்.

அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாவட்ட நீச்சல் போட்டி வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் குளோரின் டப்பாக்களை இறக்கிவைக்கச் சொல்லி டீச்சர் சுயம்புவைப் பெரிய குளத்துக்கு அனுப்பினார்.

ஜெபக்கனி காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள் போல. அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"நல்லவேளை வந்தீங்க அண்ணாச்சி. அறையைப் பாத்துக்கிடுங்க, நான் சாப்பிட்டுட்டு ஓடியாந்திருதேன்."

அவள் போனாள். மோட்டார் அறை திறந்து கிடந்தது. ஆறு வருஷமாக அவன் நினைத்துக்கொண்டிருந்த அறை.

தொட்டியின் முன்னால் நின்றான். பாட்டிலிலிருந்து சொட்டிய சிவப்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது. இப்போது இந்த மணலை நன்றாக அலசிவிட்டால் நாளைக்குக் குளம் லேசாகக் கலங்கிக் கிடக்கும். மாவட்டமே பார்க்கும். யாரும் குற்றம் சொல்ல முடியாது. வடிகட்டியைக் கழுவுவது தப்பா?

மோட்டாரை நிறுத்தினான். கைப்பிடியைத் திருப்பினான். மோட்டாரைப் போட்டான். அழுக்கெல்லாம் பழுப்பாகக் குழாயில் ஓடிற்று. தெளிந்த பிறகும் விட்டுவைத்தான்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

அவசரத்தில் மோட்டாரை நிறுத்தாமலே கைப்பிடியைப் பழைய இடத்துக்குத் திருப்பினான். உள்ளே ஏதோ கிழிந்தது போல ஒரு சத்தம். வந்தது தோட்டக்காரர். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜெபக்கனி வந்ததும் சுயம்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான்.

நாலு மணிக்கு டீச்சருக்கு ஃபோன் வந்தது. பெரிய குளத்தில் ஒரு சாண் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் காற்றை இழுத்து இரைகிறது. நிறுத்திவிட்டேன் என்றாள் ஜெபக்கனி.

டீச்சர் வேனை எடுத்தார். "வாங்க அண்ணாச்சி," என்றார். வராமல் இருக்க அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கிளப் செயலாளர் குளத்தின் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இருநூறு பிள்ளைங்க வருது! இந்தப் பொம்பளை மத்தியானம் பூரா தூங்கிட்டு இருந்திருக்கா!"

"தூங்கலை சார். உடைமாத்துற அறையில தரை தேய்ச்சிட்டு இருந்தேன்," என்றாள் ஜெபக்கனி.

"யார் வால்வைத் தொட்டது?"

ஜெபக்கனி சுயம்புவைப் பார்த்தாள். ஒரு நொடிதான். இப்போது சொல்லப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான்.

"இந்த அறை என் பொறுப்பு சார்," என்றாள்.

டீச்சர் வால்வின் மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே ஆரக்கால் வைத்த சக்கரம் போல இருக்கும் ரப்பர் கேஸ்கட் இரண்டு இடத்தில் கிழிந்து சுருண்டு கிடந்தது. அந்த வழியாகத்தான் தண்ணீர் கழிவுக் குழாய்க்கு ஓடியிருக்கிறது. டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மோட்டார் ஓடும்போது திருப்பியிருக்கு," என்றார். யாரையும் பார்க்கவில்லை. வேனிலிருந்து புது கேஸ்கட்டை எடுத்து வந்தார்.

"ஜெபா, இதை மாட்ட உனக்கு வராது. எனக்கும் அவ்வளவு சுத்தமா வராது. அண்ணாச்சி மாட்டுனா பத்து வருஷம் நிக்கும். பக்கத்துல இருந்து படிச்சுக்கோ."

பிறகு லாரித் தண்ணீருக்கு ஃபோன் பண்ண வெளியே போய்விட்டார்.

சுயம்பு கேஸ்கட் உட்காரும் காடிப் பள்ளத்திலிருந்து பழைய பசையைச் சுரண்டினான். ஜெபக்கனி டார்ச் அடித்தாள்.

"இந்தக் காடிக்குள்ள ஒரு பொட்டு மணல் இருக்கக்கூடாது," என்றான்.

"ஏன் அண்ணாச்சி?"

"இருந்தா அந்த இடத்துல ஒக்காராது. ஒக்காரலைன்னா கசியும்."

"பசை எவ்வளவு?"

"கோடு மாதிரி. வழியக்கூடாது."

அவன் சொன்னதை எல்லாம் அவள் உதடு அசைய ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஸ்பிரிங்கை அமுக்கி மூடியைப் போடும்போது இருவரும் சேர்ந்து அழுத்த வேண்டியிருந்தது. அவள் விரல்களில் இறால் ஓடு கிழித்த பழைய தழும்புகள். இத்தனை மாதம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன், அவற்றை அன்றைக்குத்தான் பார்த்தான்.

ஆறு திருகும் இறுகிய பிறகு செயலாளர் உள்ளே வந்தார்.

"வேலை முடிஞ்சுதா? முடிஞ்சா இந்தப் பொம்பளை நாளையில இருந்து இங்க கால் வைக்கக்கூடாது."

ஜெபக்கனி டார்ச்சை அணைத்தாள்.

"நான்தான் சார் திருப்பினேன்," என்றான் சுயம்பு.

குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான். "மத்தியானம் நான்தான் தொட்டேன். அவளுக்குத் தெரியாது."

செயலாளர் அவனைத் திட்டிய வார்த்தைகளை எழுத முடியாது. இனி அந்த வாசலில் அவன் நிழல்கூட விழக்கூடாது என்று முடித்தார். டீச்சர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

வெளியே முதல் தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஜெபக்கனி குழாயைப் பிடிக்க ஓடினாள். சுயம்பு அவள் பின்னாலேயே போனான்.

"உனக்குத் தெரியும்லா?"

"தெரியாம என்ன? நீங்க மட்டும்தான இருந்தீங்க."

"பிறகு ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க கோவிச்சுட்டுப் போயிருப்பீங்க. கேஸ்கட்டை யாரு மாட்டுறது? காலையில பிள்ளைங்க வந்துருமே." குழாயை அவன் கையில் கொடுத்தாள். "இதைப் பிடிங்க, நான் உள்ள போயி இழுக்கேன்."

ஐந்து லாரித் தண்ணீர் விட்டார்கள். மறுநாள் ஒன்பது மணிக்குப் போட்டி தொடங்கியது. தண்ணீர் எப்படி இருந்தது என்று சுயம்பு பார்க்கவில்லை. அவன் வேலிப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் கொடுத்திருந்த வேலைச் சட்டையைத் துவைத்து மடித்து, கருவிப் பெட்டியோடு டீச்சரின் முன்னால் வைத்தான். டீச்சர் வேனில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?"

"இனி நான் என்ன முகத்தோட..."

"ஓட்டல் குளத்துல அழுத்த முள்ளு ஏறியிருக்காம். பத்து மணிக்குள்ள போகணும். அந்த மூட்டையைத் தூக்குங்க."

அவன் தூக்கினான். அடுத்ததையும் தூக்கினான். மூன்றாவது மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் ஆறு வருஷம் உங்ககூட இருக்கேன். எங்கிட்ட என்ன இல்லைன்னு எத்தனையோ நாள் படுத்து யோசிச்சுப் பாத்துட்டேன். வந்த ரெண்டு மாசத்துல அவகிட்ட எதைப் பாத்துச் சாவியைக் குடுத்தீங்க?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அந்தக் கேள்வி நிஜமாகவே புரியவில்லை போலிருந்தது. கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு மோட்டாரைப் போடணும். அவ வீடு குளத்துக்கு எதிர்ச் சந்துல இருக்கு, அண்ணாச்சி. வேற எதுக்குன்னு நினைச்சீங்க?"