அன்று ஸ்டார்ட் ஆகாத ஜீப்

“அன்னிக்கு அது ஏன் ஸ்டார்ட் ஆகலை? அதை மட்டும் சொல்லுங்க. போதும்.”

சென்றாயன் இதைக் கேட்டபோது பிலோமினா ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள்.

அரூர் ரோட்டில், மலை இறங்கி முடிகிற இடத்தில் அவள் பட்டறை. வயது முப்பத்தெட்டு. சுற்றுவட்டாரத்தில் அவளை எல்லோரும் மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த டீசல் வண்டியையும் அவள் பாதியில் கைவிட்டதில்லை. சென்றாயனுக்கு ஐம்பத்தாறு. மலைமேல் ஜீப் ஓட்டுகிறவர். அவர் ஊருக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான்.

அவள் வெளியே வந்தாள்.

“வண்டி எங்கண்ணே?”

“வாசல்ல நிக்குதுங்க.”

“யாரு இழுத்துக்கிட்டு வந்தது?”

“இழுக்கலைங்க. நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன்.”

பிலோமினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஓடுற வண்டிக்கு என்ன வைத்தியம் பார்க்கிறது?”

“இப்ப ஓடுதுங்க. போன மாசம் ஒரு நாள் காலையில ஓடலை. என் சம்சாரம் மாதம்மா நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. தூக்கி வண்டியில போட்டேன். ஸ்டார்ட் ஆகலை. வீடு பள்ளத்துல இருக்குது, தள்ளவும் வழியில்ல. பக்கத்து வீட்டு ஆளு அடுத்த ஊர்லேர்ந்து டிராக்டர் கொண்டாரேன்னு ஓடினான். டிராக்டர் வர்றப்ப முடிஞ்சு போச்சு.”

பிலோமினா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

“மறுநாள் அடக்கம் முடிஞ்சு வந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்புல பிடிச்சுக்கிச்சு.”

பிலோமினா அன்று சாயங்காலம்வரை ஜீப்பைப் பார்த்தாள். சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. கடைசியில் நிமிர்ந்து, “கோளாறு எதுவும் இல்லைண்ணே” என்றாள்.

“இருக்கணும்.”

“இல்லை.”

“வண்டியில இல்லைன்னா அப்ப யார்கிட்ட இருக்குது?”

அவள் பானெட்டை மூடினாள்.

“எனக்குத் தொழில் கத்துக் குடுங்க மேஸ்திரியம்மா. நானே கண்டுபிடிக்கிறேன்.”

தன்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். கண்ணெல்லாம் சிவந்துபோய் நிற்கிறார். பிலோமினா கை துடைக்கும் துணி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அப்படித்தான் அவர் அந்தப் பட்டறையில் சேர்ந்தார்.

நன்றாகவே கற்றுக்கொண்டார். இன்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொன்னார். அடுத்தவர் வண்டிகள் அவர் கையால் சரியாகிப் போயின. பொழுது சாய்ந்ததும் தன் ஜீப்பிடம் போவார். பேட்டரி மாற்றினார். டீசல் பம்பைப் பிரித்தார். டாங்க்கை இறக்கிக் கழுவினார். ஆடி மாதத்தில் ஒரு நாள் மொத்த இன்ஜினும் சாக்கின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. திரும்பப் பூட்டிச் சாவியைத் திருப்புவார். வண்டி உடனே பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு முறையும் அவர் முகம் செத்துப்போகும்.

பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

ஒரு வருஷம் ஆனது. மாற்றாமல் மிச்சம் இருந்தது சாவி போடுகிற சுவிட்ச் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதையும் மாற்றினார். திருப்பினார். ஜீப் பிடித்துக்கொண்டது.

அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“தெரியாமலே போய்ச் சேர்ந்துடுவேன் போல இருக்குதுங்க.”

பிலோமினா அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்கண்ணே. முதல்லேர்ந்து.”

“சாவியைப் போட்டேன். லைட்டெல்லாம் பளிச்சுன்னு எரிஞ்சுது. செல்ஃப் மோட்டார் நல்லா சுத்துச்சு. இன்ஜின் பிடிக்கலை. இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். பம்புல காத்து அடைச்சிருக்கும்னு காத்தை வெளியேத்தினேன். டீசல் குமிழி இல்லாம வந்துச்சு. மறுபடி சாவி. பன்னெண்டு சுத்து. எண்ணினேன். பிடிக்கலை. ஃபில்டரைக் கழட்டினேன். சுத்தமா இருந்துச்சு. இடது பக்கத்து நட்டு ஒண்ணு லூசா இருந்துச்சு, முறுக்கினேன். அப்படியே முக்கால் மணி நேரம்.”

“அண்ணி எங்க இருந்தாங்க?”

“பின் சீட்டுல. படுக்க வெச்சிருந்தேன்.”

“என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?”

சென்றாயன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

“நான் முன்னாடி வேலையா இருந்தேனுங்களே.”

பிலோமினா எழுந்தாள்.

“பின் சீட்டுல ஏறி உக்காருங்க.”

அந்த ஜீப்பில் அவர் கழற்றாத சாமான் இல்லை. ஆனால் பின்பக்கக் கதவை அவர் ஒரு வருஷமாகத் திறந்ததில்லை. கைப்பிடியில் கையை வைத்தவர் அப்படியே நின்றார். பிலோமினா காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் ஏறி உட்கார்ந்தார்.

அவள் முன்பக்கம் போய்ப் பானெட்டைத் தூக்கினாள்.

பின் சீட்டில் இருந்தவருக்கு முன்கண்ணாடி முழுவதும் மறைந்துபோனது. ரோடு இல்லை, ரோட்டோரப் புளியமரம் இல்லை, அவளும் இல்லை. எதிரே வெறும் தகரம். அதற்குப் பின்னால் எங்கோ ஸ்பேனர் இரும்பில் இடிக்கிற சத்தம்.

வெயில் ஏறியது. வண்டிக்குள் புழுங்கியது.

“மேஸ்திரியம்மா.”

ஸ்பேனர் சத்தம்.

“இங்கேர்ந்து ஆளே தெரியலைங்க.”

ஸ்பேனர் சத்தம்.

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தானாக வாயிலிருந்து வந்தது:

“அதை விடு. இங்க வந்து உக்காரு.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவருக்குத் தெரிந்தது.

அன்றைக்குப் பின் சீட்டிலிருந்து மாதம்மாவின் குரல் மூன்று தடவை அப்படிக் கேட்டிருந்தது. மூன்று தடவையும் அவர் பானெட்டுக்குள் குனிந்தபடியே, “இரு, இதோ ஆச்சு” என்று சொல்லியிருந்தார்.

ஸ்பேனர் சத்தம் நின்றது.

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். பின்கதவைத் திறந்து, ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.